காயாத ஓவன்

1974 ஜூன் 9, ஞாயிறு

காலையில் காபி டம்ளரோடு கொல்லைப்பக்கம் போனால், இவர் என் ஓவனைக் கவிழ்த்துப் போட்டு, டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்.

"கோமளா, இதுல சூடு நிக்கவே மாட்டேங்கறது."

கல்யாணத்துக்கு பம்பாய் அண்ணா வாங்கிக் கொடுத்த தகரப் பெட்டி அது. ஸ்டவ் மேல் தூக்கி வைத்தால் நாலு பிஸ்கட் சுடலாம். எனக்கு அந்தச் சூடு போதுமாகத்தான் இருந்தது.

விஷயத்தைக் கறந்து எடுப்பதற்குள் காபி ஆறிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் இவருடைய கண்ணாடிக் கம்பெனியில் புதுச் சூளை கட்டுகிறார்கள். கட்டித் தர வந்திருப்பவர் புரூனோ என்ற இத்தாலிக்காரர். கேன்டீன் தயிர் சாதத்தைத் தின்று தின்று ஆள் பாதியாகி, பேண்ட்டைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிகிறாராம். ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது, சூளை அதற்குள் முடியாது. மேற்கொண்டு ஒரு நாள்கூட இருக்க மாட்டேன், வேறு ஆளை வரவழைத்துக்கொள்ளுங்கள் என்கிறாராம். வேறு ஆள் வருவதற்கு வருஷமாகும். அதுவரை சூளைப் பிரிவில் இருக்கிற டெம்பரவரி ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இவர் டெம்பரவரி.

அந்த மனிதர் பீட்ஸா பீட்ஸா என்று கேன்டீனில் புலம்பியிருக்கிறார். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதோ? "எங்காத்துல ஓவன் இருக்கு, பண்ணித் தரேன், இருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மேனேஜர் ஜெயராஜ் உடனே கைகொடுத்து, "எம்பார், உன்னை நம்பித்தான் இருக்கேன்" என்றாராம்.

பீட்ஸா என்றால் என்ன என்று கேட்டேன். ரொட்டி, அதன் மேல் தக்காளி, அதன் மேல் சீஸ் என்றார். இவ்வளவுதானா? இவ்வளவுதானாம். ஆனால் சூடு மட்டும் நரகத்தில் இருக்கிற அளவுக்கு வேண்டுமாம்.

ஜூன் 10, திங்கள்

விடியுமுன் பெரியபாளையம் பஸ் பிடித்துப் போய்விட்டார். இனி சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷெட்டில் இன்னும் மூன்று பேரோடு படுத்துக்கொள்கிறார். நான் இங்கே திருவள்ளூரில், ஊருக்கு வெளியே, ஆதிநாராயணன் வீட்டின் பின்கட்டில். நிரந்தரமானால் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் சூளை எரிய வேண்டும். சூளை எரிய புரூனோ இருக்க வேண்டும். புரூனோ இருக்க பீட்ஸா வேண்டும். பீட்ஸாவுக்கு என் ஓவனில் சூடு நிற்க வேண்டும். ஆக, நானும் என் புருஷனும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணுவதா இல்லையா என்பது ஒரு தகரப் பெட்டியின் கையில் இருக்கிறது. எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது.

ஜூன் 16, ஞாயிறு

கம்பெனியில் சொல்லிவிட்டு, கழித்துப்போட்ட கண்ணாடிப் பஞ்சு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஓவனுக்கு வெளியே சுற்றி, அதன் மேல் தகரம் வைத்துக் கட்டினார். சூடு வெளியே போகாதாம்.

சூடு போனதோ இல்லையோ, பஞ்சு போய்விட்டது. அவர் வேஷ்டியில், என் புடவையில், கொடியில் காய்ந்த துணியில், தலையணையில். இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துகொண்டோம். வாரத்தில் சேர்ந்திருப்பது ஒரு நாள், அதுவும் இப்படி.

ஜூன் 18, செவ்வாய்

இன்னும் அரிக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்கு பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வை. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், இலவம் பஞ்சே போதும் என்று ஒரு ஞானம். நான் வேண்டாம் என்றேன். "ஈரத் துணியைச் சுத்தி அதுக்கு மேலதானே போடப்போறேன்" என்றார். ஈரம் எத்தனை நாழி நிற்கும்? நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. வீட்டுக்கார அம்மா முத்தம்மாள் ஒரு குடத்தோடு ஓடிவந்து மொத்தத்தையும் அணைத்தாள்.

"இன்னா கோமளாம்மா, மெத்தையப் போயி அடுப்புல வெச்சிகினுகீறீங்க!"

என்னவென்று சொல்வது? குளிருகிறது என்றா?

ஜூன் 30, ஞாயிறு

ஓவனுக்கு அடியில் ரொட்டி வைக்கக் கல் தளம் வேண்டும் என்று ஒரு கடப்பைக் கல்லைப் போட்டு, பின்பக்கம் ஓட்டை வெட்டிக் கரி நெருப்பை உள்ளேயே வைத்தார். கல் வெடித்தது. சாதாரணமாக அல்ல. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. ஆதிநாராயணன் நாஷ்டாவைப் பாதியில் விட்டு எச்சில் கையோடு ஓடிவந்தார்.

"இன்னா சாமி, ஊட்ல துப்பாக்கி கிப்பாக்கி வெச்சிகினுகீறியா?"

இவர் அந்த மனிதரிடம் காற்று, சூடு, கல்லின் குணம் என்று பேசிக்கொண்டே போனார். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம் இந்தப் பெண் என்கிற பார்வை.

ஜூலை 7, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியாது. ஓவன் அழகாக இருக்கிறது!

இவர் வாரம் முழுக்க யோசித்திருக்கிறார். தளத்துக்கு உடைந்த சூளைச் செங்கல் இரண்டு. மூடுவதற்கு உமிச்சாம்பல். சாம்பலுக்குள் காற்று சிக்கிக்கொள்ளுமாம், சிக்கிய காற்றைத் தாண்டி சூடு போகாதாம். சாம்பல் உதிராமல் பிடித்துக்கொள்ளப் புற்றுமண். விடியற்காலையிலேயே கோணிச்சாக்கோடு போய், ஆதிநாராயணன் வயல் வரப்பில் இருந்த பழைய புற்றை வெட்டிக் கொண்டுவந்துவிட்டார். நான் சாக்கை விட்டு எட்டி நின்றேன்.

"பாம்பு இருந்தா?"

"கழியை விட்டுப் பார்த்தேன். காலி."

"யாரையாவது கேட்டேளா?"

"மண்ணுக்கு யாரைக் கேக்கறது?"

வேப்பமரத்தடியில் செங்கல் அடுக்கி, அதன் மேல் ஓவனை உட்கார வைத்து, சாம்பலும் மண்ணுமாகப் பிசைந்து இரண்டு பேருமாக அப்பினோம். என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து, மேலே கூம்பி, முன்னால் தகரக் கதவு மட்டும் தெரிகிறது. புகை போக உச்சியில் ஒரு துவாரம். முழங்கை வரை சேறு. என் மூக்கிலும் ஒரு பொட்டு வைத்தார். சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் நெருப்பு வைக்க வேண்டுமாம். 28ஆம் தேதி புரூனோவை அழைத்தாகிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

பெருமாளே, என்ன பண்ணுவேன்!

காலையில் முத்தம்மாள் வயலிலிருந்து தலைவிரி கோலமாக வந்தாள். "வரப்புல இருந்த புத்து காணோம்மா! அடியோட காணோம்!" தண்ணீர் கேட்டுக்கொண்டே கொல்லைக்கு வந்தவள் வேப்பமரத்தடியைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் விழுந்துவிட்டாள்.

"தோ கீறா! தோ வந்துகீறா!"

விழுந்தவளைத் தூக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க மாமியா காலத்து வேண்டுதல் பாக்கி கீதும்மா. பெரியபாளையத்து அம்மனாண்ட போவணும் போவணும்னு சொல்லிக்கினே போவாத வுட்டுட்டோம். நாம வரலைன்னு அவளே பொறப்ட்டு வந்துட்டா பாரு!"

"முத்தம்மா, அது புத்து இல்லை. ஓவன்."

"எந்தப் பேர்ல வந்தா இன்னா?"

"கதவு இருக்கு பாருங்கோ, தகரக் கதவு."

"கோயிலுக்குக் கதவு இல்லாமயா?"

இவர் இல்லாத நாளாகப் பார்த்து எனக்கு இது வர வேண்டுமா? உண்மையைச் சொல்லலாம். உன் புற்றை என் புருஷன்தான் வெட்டினார் என்று சொல்லலாம். புற்றை இடித்தவர்களை அப்புறம் யார் வீட்டில் குடிவைத்துக்கொள்வார்கள்? வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஒரு செம்பு பால். மஞ்சள் தண்ணீர் ஒரு குடம். உச்சியில் ஒரு முட்டை. எங்கள் கொல்லையில் முட்டை!

ஜூலை 14, ஞாயிறு

ராத்திரி வந்தவர் இருட்டில் ஒன்றும் பார்க்கவில்லை. காலையில் ஓவனைப் பார்த்தார். தலைமாட்டில் வேப்பிலைத் தோரணம், நெற்றியில் குங்குமம், கதவுக்கு மாலை. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரம்" என்றார். அவ்வளவுதான் கவலை இந்த மனுஷருக்கு.

கொஞ்சமாகக் கரி போட்டு உள்ளுக்குள் காய வைத்துவிடலாம் என்று மூட்டினார். ஈரமண்ணிலிருந்து ஆவியும் புகையுமாக உச்சித் துவாரம் வழியே வந்தது. முத்தம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி குலவையிட்டாள். "அம்மா மூச்சு வுடுறா!" அரை மணியில் கொல்லை நிறைந்துவிட்டது. உஷ்ணமாக இருக்கிறாள், குளிர வையுங்கள் என்று குடம் குடமாக ஊற்றினார்கள். நெருப்பு உஸ்ஸென்று அணைந்தது.

எனக்கும் இவருக்கும் சண்டை. "நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும்." "நீங்க அன்னிக்கே கேட்டுட்டு வெட்டியிருக்கணும்." சண்டையிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பெரியபாளையம் போகிற வண்டிகள் எல்லாம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். போகிறவர்கள் எல்லாம் இங்கே ஒரு தரம் இறங்கிவிட்டுப் போகிறார்கள்.

யோசித்தால் பைத்தியம் பிடிக்கிறது. சூட்டை உள்ளே நிறுத்த நாங்கள் ஒரு மாதம் பாடுபட்டோம். அதைக் குளிர வைக்க ஊரே பாடுபடுகிறது. இரண்டு கட்சிக்கும் ஒரே ஓவன்.

ஜூலை 21, ஞாயிறு

யாரோ சிவப்புப் பட்டுப் பாவாடை சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓவனுக்கு வந்த யோகத்தைப் பார்! கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குப் பட்டு என்று ஒன்று வாங்கினது கிடையாது.

புரூனோவிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்றார் இவர். சொல்லிவிட்டால்? விமான டிக்கெட்டுக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறாராம். பீட்ஸா ஒன்றுதான் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. வரட்டும் என்றேன். தோசைக்கல்லில் சுட்டுக் கொடுத்துவிடலாம் என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வை, நான் பாசுரத்தை ராகம் மாற்றிப் பாடிவிட்ட மாதிரி இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

மாவை நேற்றே இட்லி மாவு கொஞ்சம் கலந்து புளிக்க வைத்திருந்தேன். மெட்ராஸிலிருந்து டின் சீஸ் வந்தாகிவிட்டது. தக்காளி நறுக்கி வைத்தேன். இதெல்லாம் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் கொல்லையில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேராவது இருப்பார்கள். உடுக்கைச் சத்தம் காதைப் பிளந்தது.

கம்பெனி ஜீப் வந்து நின்றது. இறங்கினார் புரூனோ. நெட்டையாக, வெயிலில் வெந்து, இடுப்பில் நிஜமாகவே சணல் கயிறு. இவர் முன்னால் ஓடி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "மிஸ்டர் புரூனோ, எ ஸ்மால் டிஃபிகல்டி." அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போனார். பட்டுப் பாவாடையை ஓரமாக ஒதுக்கினார். முழங்கால் போட்டு, தகரக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டார். உடுக்கை நின்றுவிட்டது. அடித்துப் போடப்போகிறார்கள் இந்த மனிதரை என்று நினைத்தேன்.

ஐம்பது பேரும் குலவையிட்டார்கள். வெள்ளைக்காரன் சீமையிலிருந்து வந்து அம்மன் காலில் விழுந்துவிட்டானாம்.

அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. விரல் முட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டினார், கொஞ்சம் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். எழுந்தபோது மூக்கு நிறையக் குங்குமம். இவர் தோளைப் பிடித்து உலுக்கி, "எம்பார்! யார் கட்டியது இதை?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான்தான் என்றார் இவர், திருடன் போலீஸிடம் சொல்கிற குரலில். பிறகு என்னையும் காட்டி, "அண்ட் மை வொய்ஃப்" என்றார்.

சாம்பல் கனம் சரியாம். வளைவு சரியாம். அவர் பாட்டனார் கட்டுவது இந்த மாதிரிதானாம். ஆனால் ஈரம். ஈரத்தோடு நெருப்பு வைத்தால் வெடித்துவிடும். மூன்று வாரமாவது காய வேண்டும், அவசரப்படாதே என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"ஆனா நீங்க ஊருக்குப் போறேளே" என்றார் இவர்.

அந்த மனிதர் ஓவனைத் திரும்பிப் பார்த்தார். சூளை கட்டுகிறவன் ஒரு சூளையை ஈரமாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார்.

இதற்குள் முத்தம்மாள் ஒரு செம்பு கூழைக் கையில் திணித்துவிட்டாள், வெங்காயமும் கருவாடும் வேறு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செம்பு காலியான சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று.

"இன்னா பசி பாரு புள்ளைக்கு! உங்கூர்ல சோறே போட மாட்டாங்களா நைனா?" என்றாள் முத்தம்மாள்.

ஜூலை 30, செவ்வாய்

ஜெயராஜிடம் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம் புரூனோ. இவர் கார்டு போட்டிருக்கிறார். ஒரே வரி. நான் பத்து தடவை படித்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புரூனோ வந்தார், தட்டினார், ஈரம் என்பதற்கு "வெட்" என்றார், கூழ் குடித்தார், போனார். சணல் கயிறு இல்லை.

போகுமுன் முத்தம்மாளிடம் கைகூப்பி, தயவுசெய்து தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஜாடையாகக் கெஞ்சினார். கைகூப்பினது மட்டும் அவளுக்குப் புரிந்தது. "பக்தியப் பாரு" என்று இன்னும் ஒரு குடம் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வேண்டுதலை முடிக்க முத்தம்மாள் குடும்பத்தோடு பெரியபாளையம் போய் இரண்டு நாளாகிறது. மழையும் இல்லை, வெயில் கொளுத்துகிறது. மத்தியானம் போய் ஓவனைத் தொட்டுப் பார்த்தேன். மேலே வெளுத்திருக்கிறது. தட்டினால் சத்தம் மாறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து "டிரை" என்றால்? பீட்ஸாவைத் தின்றுவிட்டுத் திங்கட்கிழமை விமானம் ஏறிவிட்டால்? சூளை மூட்ட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நேற்று வந்த கார்டில் எழுதியிருக்கிறாரே இவர்!

கிணற்றடிக்குப் போனேன். ஒரு குடம் சேந்தினேன். நான் பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் தீர்த்தம் சேந்தினதில்லை. உச்சியிலிருந்து ஊற்றினேன். இன்னொரு குடம். அப்புறம் எண்ணவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை நானே நனைக்கிறேனே என்று இருந்தது. இருந்தாலும் கை நிற்கவில்லை. குடித்தனம் வேணும்டி எனக்கு, ஓவன் யாருக்கு வேணும்!

திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் முத்தம்மாள், மொட்டைத் தலையோடு, கையில் பிரசாதப் பையோடு. பையைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயமாரூட்டம்மாவே ஊத்த ஆரமிச்சிட்டா! இனிமே இன்னா கொறை!"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. காரணம் வேறு. ஆனால் சேர்ந்துதான் அழுதோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

"வெட்" என்றார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வியாழக்கிழமையில் இவர் வந்து நிற்கிறார்! புருவம் பாதி பொசுங்கியிருக்கிறது. சூளை எரிந்துவிட்டது. நேற்று மூட்டி, ராத்திரி முழுக்க நின்று பார்த்து, காலையில் கண்ணாடி உருகி வந்ததாம். மூட்டுமுன் மஞ்சள் குங்குமம் கொண்டுவரச் சொல்லி, சூளை வாசலில் புரூனோ தன் கையாலேயே பூசினாராம். ஜெயராஜ் மாதாகோயிலுக்குப் போகிறவர், ஆனால் தடுக்கவில்லையாம்.

நிரந்தரம் என்று வாயால் சொல்லிவிட்டார்கள். காகிதம் பின்னால் வரும். குவார்ட்டர்ஸில் கோடி வீடு காலியாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

புரூனோ சொல்லிக்கொண்டு போக வந்தார். ஆடி முடிந்தும் குடம் நிற்கவில்லை, ஓவன் காயவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய் தோசைக்கல்லில் மாவைப் பரப்பி, தக்காளியும் சீஸும் வைத்து மூடிச் சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர், நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கூழ் இருக்கிறதா என்று கேட்டார்.

ஜீப் ஏறுமுன் இவரிடம் ஒன்று சொன்னார். அவர் ஊரில் ஒரு மாட்டுக் கொட்டகையில் மாதா தோன்றினாளாம். எல்லாருக்கும் சந்தோஷம், மாடுகளைத் தவிர. உன் ஓவனும் இனி உனக்கு இல்லை எம்பார் என்றாராம்.

செப்டம்பர் 14, சனி

சாமான் கட்டியாகிவிட்டது. நாளைக்கு வண்டி வரும். ஓவனை எடுத்துக்கொள்வதா என்று இவர் கேட்கவேயில்லை, நானும் கேட்கவில்லை. ஓலைக் கூரை போட்டுவிட்டார்கள். ஆதிநாராயணன் சுவர் எழுப்பப்போகிறாராம். முத்தம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். புற்றை வெட்டினது என் புருஷன்தான் என்று சொல்லியும் விட்டேன்.

"அவ நடந்தா வருவா கோமளாம்மா? யாராச்சும் தூக்கியாந்துதானே வெக்கணும்" என்றாள். வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள்.

செப்டம்பர் 16, திங்கள். கும்மிடிப்பூண்டி

குவார்ட்டர்ஸ் சின்னதுதான். சுவரில் சுண்ணாம்பு வாடை போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் சூளைப் புகைபோக்கி தெரிகிறது.

சாயங்காலம் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். யாரென்று எட்டிப் பார்த்தால் இவர்.

"என்ன, எதையாவது மறந்துட்டேளா?" என்று கேட்டேன்.

"ஆத்துக்கு வந்திருக்கேன்டி" என்றார்.

இலை போட்ட பிறகுதான் பார்த்தேன். பழக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் சாதம் வடித்திருக்கிறேன். அதையே பங்கு போட்டுக்கொண்டோம். இரண்டு பேருக்கும் அரை வயிறு. நாளையிலிருந்து அரிசி கூடப் போட வேண்டும்.